ஏழு வாரம் தவறாமல் சொன்னவரை நம்பலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வுபெற்றேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: ‘இந்த வாரம் நிஃப்டி ஏறும்.’ வெள்ளிக்கிழமை மாலை பார்த்தால் அந்தப் பங்குச் சந்தைக் குறியீடு ஏறியிருந்தது. அடுத்த வாரம் ‘இறங்கும்’ என்றார், இறங்கியது. இப்படி ஏழு வாரம், ஒருமுறைகூடத் தவறவில்லை. அதுவரை ஒரு பைசா கேட்கவில்லை. இப்போது 5 லட்சம் ரூபாய் கொடுத்தால் எனக்காக ஆப்ஷன் வர்த்தகம் (விலை ஏறுமா இறங்குமா என்பதை வைத்துச் செய்யும் ஒப்பந்த வர்த்தகம்) செய்து மாதம் 8 சதவீதம் தருவதாகச் சொல்கிறார். முன்பதிவுக் கட்டணமாக 3,000 ரூபாய் கட்டிவிட்டேன்.

நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். குருட்டாம்போக்கில் ஏழு முறையும் சரியாகச் சொல்ல 128-ல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே அவருக்கு விஷயம் தெரியும் என்பது 99 சதவீதம் உறுதி என்று நினைக்கிறேன். மகன் ‘மோசடி’ என்கிறான். ஏன் என்று கேட்டால் விளக்கத் தெரியவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பருக்கும் இதே மாதிரி செய்தி வந்ததாம். மூன்றாவது வாரமே பொய்த்துப்போனதால் அந்த எண்ணைத் தடுத்துவிட்டாராம். அது யாரோ போலி ஆள் போலும். இன்னொன்று: தொலைபேசியில் பேசும்போது தெரியவந்தது, அவர் மனைவியும் என் மனைவியும் ரோகிணி நட்சத்திரம், அவர் மகனும் என் மகளும் ஒரே தேதியில் பிறந்தவர்கள். என் மனைவி இதைத் தெய்வச் செயல் என்கிறாள். பணிக்கொடைப் பணம் வங்கியில் இருக்கிறது. கொடுக்கலாமா?

— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

பணத்தைக் கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். உங்கள் மகன் சொல்வதுதான் சரி. ஆனால் காரணம் தெரியாமல் ஒரு முடிவை ஏற்றுக்கொள்ள உங்களுக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் அறிவியல் சொல்லிக்கொடுத்தவருக்கு அது இயல்பு. அதனால் கணக்கை முழுதாகவே போட்டுக் காட்டுகிறேன்.

128-ல் ஒன்று என்று நீங்கள் கண்டது சரியான விடை. ஒவ்வொரு வாரமும் ஏற்றமா இறக்கமா என்பதைச் சரிபாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஏழு வாரமும் பலிக்க 128-ல் ஒரு வாய்ப்பு. உண்மையில் நீண்ட காலத்தில் பங்குச் சந்தை இறங்கிய வாரங்களைவிட ஏறிய வாரங்கள் சற்று அதிகம். அதை இங்கே விட்டுவிடலாம். தவறு நேர்ந்தது அந்த விடையிலிருந்து 99 சதவீத உறுதிக்குத் தாவிய இடத்தில்தான். நீங்கள் ஒருவரை மட்டும் பார்த்தீர்கள். அவர் எத்தனை பேருக்குச் செய்தி அனுப்பினார் என்று கேட்கவில்லை.

அனுப்பியவரின் மேசைக்கு வாருங்கள். அவரிடம் 12,800 கைபேசி எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சந்தையைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை. முதல் ஞாயிறு 6,400 பேருக்கு ‘ஏறும்’ என்று அனுப்புகிறார்; மீதி 6,400 பேருக்கு ‘இறங்கும்’ என்று அனுப்புகிறார். வெள்ளிக்கிழமை சந்தை ஏறி முடிகிறது. ‘இறங்கும்’ என்று கேட்டவர்களின் எண்களை அவர் அழித்துவிடுகிறார். இனி அவர்களுக்கு ஒரு செய்தியும் போகாது. மிச்சமிருக்கும் 6,400 பேரை மறுபடி இரண்டாகப் பிரிக்கிறார். இரண்டாம் வார முடிவில் 3,200 பேர், மூன்றாம் வார முடிவில் 1,600, பிறகு 800, 400, 200. ஏழாவது வெள்ளிக்கிழமை மாலை 100 பேர் மிஞ்சுகிறார்கள். அந்த 100 பேரின் கைபேசியில் ஏழு செய்திகள் இருக்கின்றன; ஏழும் பலித்தவை. அவர்களில் கணக்குத் தெரிந்த ஒவ்வொருவரும் உங்களைப் போலவே 128-ல் ஒன்று என்று கண்டுபிடிப்பார்கள். நூறு பேருமே ‘இது தற்செயலாக இருக்க முடியாது’ என்றுதான் முடிவு கட்டுவார்கள்.

அனுப்பியவருக்கு இதில் செலவு என்ன? ஏழு வாரமும் சேர்த்து 25,400 செய்திகள். இன்றைய தொழில்நுட்பத்தில் அது ஒரு வேலையே இல்லை. நூறு பேரில் இருபது பேர் 5 லட்சம் கொடுத்தால்கூட ஒரு கோடி ரூபாய்.

அவர் ஏன் ஏழாவது வாரம் வரை காசு கேட்காமல் இருந்தார், ஏன் இப்போது கேட்கிறார் என்பதும் இதிலேயே இருக்கிறது. இலவசமாகச் சொல்லும் ஒவ்வொரு வாரமும் மிச்சமிருப்பவர்களின் நம்பிக்கை கூடும். அதே சமயம் அவர்களின் எண்ணிக்கை பாதியாகும். இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் 50 பேர்தான் மிஞ்சுவார்கள். நம்பிக்கை நன்றாக முற்றியிருக்க வேண்டும், ஆட்களும் போதுமான அளவு இருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் பணம் கேட்க வேண்டும். ‘இன்னும் நான்கு வாரம் இலவசமாகச் சொல்லுங்கள், பிறகு தருகிறேன்’ என்று நீங்கள் கேட்டால் பெரும்பாலும் அவசரப்படுத்துவார், இல்லையென்றால் கோபித்துக்கொள்வார். ஆனால் ஒன்றில் கவனம் தேவை. அவர் ஒப்புக்கொண்டு, எட்டாவது வாரமும் ஒன்பதாவது வாரமும் பலித்தாலும் அதுவும் சான்று ஆகாது. 100 பேர் 25 ஆகியிருப்பார்கள். அந்த 25-ல் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள், அவ்வளவுதான்.

இனி உங்கள் நண்பர். உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அது. அதை நீங்கள் வேறு யாரோ போலி ஆளின் வேலை என்று கடந்துவிட்டீர்கள். மேலே சொன்ன கணக்கில் மூன்றாம் வாரம் செய்தி பெற்றவர்கள் 3,200 பேர். அவர்களில் 1,600 பேருக்குத் தவறான செய்தி போயிருக்கும். உங்கள் நண்பர் அந்த 1,600-ல் ஒருவராக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. எண்ணைத் தடுத்தாலும் பழைய செய்திகளை அவர் அழிக்காமல் வைத்திருக்கலாம். இருவரும் கைபேசிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரமும் உங்கள் இருவருக்கும் ஒரே செய்தி வந்திருந்து, மூன்றாவது வாரம் உங்களுக்கு ‘ஏறும்’ என்றும் அவருக்கு ‘இறங்கும்’ என்றும் (அல்லது மாற்றியும்) வந்திருந்தால், அதற்குமேல் நிரூபணம் வேண்டியதில்லை. அனுப்பிய எண் வேறாக இருந்தால் அதற்காகக் குழம்ப வேண்டாம்; இப்படிப்பட்டவர்கள் பல எண்களை வைத்திருப்பார்கள். வாசகத்தையும் நேரத்தையும் ஒப்பிடுங்கள்.

தோற்றவர்கள் பேசுவதில்லை என்பதுதான் இந்த ஏமாற்றின் உயிர்நாடி. 12,700 பேருக்குத் தவறான செய்தி போயிருக்கிறது. முதல் வாரமே தவறியவர்கள் அடுத்த நாளே மறந்திருப்பார்கள். ஐந்து வாரம் பலித்து ஆறாவது வாரம் தவறிய 200 பேர், ‘யாருக்கும் ஒருமுறை சறுக்கும்’ என்று விட்டிருப்பார்கள். இவர்களில் யாரும் காவல் நிலையத்துக்குப் போகப்போவதில்லை, பத்திரிகைக்கு எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தற்செயலாக அப்படி ஒரு நண்பர் கிடைத்தார். அது பெரும் பேறு.

இப்போது உங்கள் 99 சதவீதத்துக்கு வருகிறேன். ஒருவேளை உலகில் மெய்யாகவே சந்தையைக் கணிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், ஒருபோதும் தவறமாட்டார் என்று வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். 12,800 பேர் கணிப்புச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் மெய்யானவர், மற்றவர்கள் நாணயம் சுண்டிப் பார்த்துச் சொல்பவர்கள். ஏழு வாரம் கழித்துத் தவறாமல் நிற்பவர்கள் யார்? அந்த ஒருவர், அவரோடு வெறும் அதிர்ஷ்டத்தால் தேறிய ஏறக்குறைய 100 பேர். ஆக, ஏழு வாரம் தவறாமல் சொன்ன ஒருவர் உங்கள் முன் வந்து நின்றால், அவர் மெய்யானவராக இருக்க 101-ல் ஒரு வாய்ப்பு. ஒரு சதவீதம். நீங்கள் 99 என்று நினைத்த இடத்தில் இருப்பது 1.

எண்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ‘ஒன்றும் தெரியாதவர் ஏழு முறை சரியாகச் சொல்ல வாய்ப்பு என்ன?’ என்பது ஒரு கேள்வி. ‘ஏழு முறை சரியாகச் சொன்னவர் ஒன்றும் தெரியாதவராக இருக்க வாய்ப்பு என்ன?’ என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இரண்டாவதற்கு விடை 99 சதவீதம். இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழுவதால் முதல் கேள்விக்கு விடை கண்டுவிட்டு இரண்டாவதற்கும் அதையே சொல்லிவிடுகிறோம்.

இதில் வழுக்குபவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. 1978-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களுமாக 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய். அந்த நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குப் பரிசோதனை தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டும். ஒருவரைப் பற்றி வேறு எந்த விவரமும் தெரியாது, பரிசோதனை ‘இருக்கிறது’ என்கிறது. அவருக்கு உண்மையில் நோய் இருக்க வாய்ப்பு என்ன? பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் 95 சதவீதம் என்றார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆயிரம் பேரைப் பரிசோதித்தால் நோயாளி ஒருவர், தவறாகக் காட்டப்படுபவர்கள் ஏறக்குறைய 50 பேர். ஆக 51-ல் ஒருவர், சுமார் 2 சதவீதம். அறுபது பேரில் சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்தான். உங்கள் வயதில் முழு உடல் பரிசோதனை செய்துகொள்பவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. எந்த அறிகுறியும் இல்லாத நிலையில், அரிதான ஒரு நோய்க்கான முதல் பரிசோதனை ‘இருக்கிறது’ என்று வந்தால் இடிந்துபோக வேண்டாம். மருத்துவர் சொல்லும் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஏமாற்றும் எண்ணமே இல்லாத இடத்திலும் இந்தக் கணக்கு வேலை செய்கிறது என்பதுதான் என்னை இன்றும் வியக்கவைப்பது. கல்லூரியில் நிகழ்தகவு பாடம் தொடங்கும்போது மாணவர்கள் அனைவரையும் எழுந்து நிற்கச் சொல்வேன். பெரிய அரங்கில் நூற்றுச் சொச்சம் பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் பூவா தலையா என்று மனதில் நினைத்துக் கையை உயர்த்த வேண்டும், தலை என்றால் வலது கை, பூ என்றால் இடது கை. நாணயத்தைச் சுண்டுவேன். தவறியவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். நான்காவது முறைக்குள் அரங்கம் காலியாகத் தெரியும். ஏழாவது முறை முடியும்போது சில ஆண்டுகளில் ஒருவரும் மிஞ்சமாட்டார். சில ஆண்டுகளில் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். பல ஆண்டுகளில் ஒருவர் நிற்பார். ஒருமுறை கடைசி வரிசையில் ஒரு மாணவி தனியாக நின்றாள். அரங்கமே கைதட்டியது. ‘எப்படியம்மா கண்டுபிடித்தாய்?’ என்றேன். ‘ஒன்றும் செய்யவில்லை ஐயா’ என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘தொடர்ந்து இரண்டு முறை பூ விழுந்தால் அடுத்தது தலைதான் விழும் என்று தோன்றியது, அதை வைத்துத்தான் சொன்னேன்’ என்றாள். மனமறிந்து பொய் சொல்லும் பெண் அல்ல அவள். வென்றவுடன் மனது ஒரு வழிமுறையைத் தானே உண்டாக்கிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் அந்த வழிமுறையை நோட்டில் எழுதிக்கொண்டதையும் பார்த்தேன்.

பங்குச் சந்தையில் இன்று எத்தனை ஆயிரம் பேர் யூடியூபிலும் டெலிகிராமிலும் கணிப்புச் சொல்கிறார்கள்! பத்தாயிரம் பேர் நாணயம் சுண்டிப் பார்த்து நேர்மையாகச் சொன்னாலே 78 பேர் ஏழு வாரம் தவறாமல் சொல்லியிருப்பார்கள். அந்த 78 பேரையும் தொலைக்காட்சிக்கு அழைப்பார்கள். மற்றவர்களின் காணொளிகளை யார் தேடிப் பார்க்கப்போகிறார்கள்?

2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி உங்களுக்கு நினைவிருக்கும். ஜெர்மனியில் ஓபர்ஹாசன் நகரத்துக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் இருந்த பால் என்ற ஆக்டோபஸ், ஜெர்மனி ஆடிய ஏழு ஆட்டங்களுக்கும் இறுதி ஆட்டத்துக்குமாக எட்டு முறை முடிவைச் சரியாகத் ‘தேர்ந்தெடுத்தது’. வெல்வதா தோற்பதா என்ற இரண்டே வாய்ப்பு என்று கொண்டால் 256-ல் ஒன்று. உலகமே கொண்டாடியது. நம்மவர்களுக்கு நெருக்கமான இன்னொரு கதையும் அப்போது நடந்தது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கிளி ஜோசியம் பார்த்துக்கொண்டிருந்த மணி என்ற கிளி, நான்கு காலிறுதி ஆட்டங்களையும் சரியாகச் சொன்னது. ஸ்பெயின்–ஜெர்மனி அரையிறுதியையும் சொன்னது. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வந்து நின்றார்கள். இறுதி ஆட்டத்துக்கு மணி எடுத்த சீட்டு நெதர்லாந்து. கோப்பையை வென்றது ஸ்பெயின். அதன்பிறகு செய்தியாளர்கள் மணியைத் தேடி வரவில்லை. அதே மாதத்தில் உலகெங்கும் எத்தனையோ விலங்குகள் முன்னால் கொடிகளை வைத்துக் கணிப்புக் கேட்டிருப்பார்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே தவறிய விலங்கின் பெயர் யாருக்காவது தெரியுமா? பால்கூட 2008 ஐரோப்பியக் கோப்பையில் ஆறு கணிப்புகளில் இரண்டில் தவறியிருந்தது. எட்டும் பலித்த பிறகு அந்தப் பழைய கணக்கை எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு.

அடுத்து, உங்கள் மனைவி சொல்லும் பொருத்தம். அவரது நம்பிக்கையில் நான் கைவைக்க விரும்பவில்லை. தெய்வம் உண்டா என்பது என் பாடம் இல்லை. ஆனால் இந்தப் பொருத்தம் எவ்வளவு அரிது என்பதை என்னால் சொல்ல முடியும்.

நட்சத்திரங்கள் 27. ஏழு பேர் ஓரிடத்தில் கூடினால், அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே நட்சத்திரமாக இருக்க வாய்ப்பு 57 சதவீதம். பத்துப் பேர் என்றால் 85 சதவீதம். நம்புவதற்குக் கடினமாக இருக்கிறது அல்லவா? காரணம் எளிது: ஏழு பேரில் இருவர் இருவராகச் சேர்த்துப் பார்த்தால் 21 இணைகள் கிடைக்கின்றன. நாம் ஏழு என்று நினைக்கிறோம். வாய்ப்பு 21 முறை வருகிறது. ஆங்கிலத் தேதிப்படி பிறந்தநாள் பொருந்த 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல் வாய்ப்பு. கால்பந்து மைதானத்தில் இரண்டு அணியும் நடுவரும் சேர்ந்தால் 23 பேர்.

உங்கள் குடும்பத்தில் நீங்கள், மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளை என எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்கிறேன். அவர் குடும்பத்திலும் எட்டுப் பேர். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று சேர்த்தால் 64 இணைகள். ஏதாவது ஓர் இணைக்கு நட்சத்திரம் ஒன்றாக இருக்க வாய்ப்பு பத்துக்கு ஒன்பது. பொருந்தாமல் போனால்தான் ஆச்சரியப்பட வேண்டும். பிறந்த தேதி பொருந்த ஆறில் ஒரு வாய்ப்பு. பிறந்தநாளோடு கல்யாண நாள், குலதெய்வம், சொந்த ஊர், படித்த பள்ளி, பிள்ளைகளின் பெயர் என்று எத்தனை விஷயங்கள் பேச்சில் வந்து போகின்றன! இரண்டு தமிழர்கள் அரை மணி நேரம் மனம்விட்டுப் பேசிவிட்டு ஒரு பொருத்தமும் கிடைக்காமல் எழுந்துபோவதுதான் அரிது.

இவ்வளவும் அவர் உண்மை பேசினார் என்று வைத்துக்கொண்டுதான். உங்கள் மனைவி ரோகிணி என்று நீங்கள் முதலில் சொன்னீர்களா, அவர் முதலில் சொன்னாரா? நினைவுபடுத்திப் பாருங்கள். நீங்கள் முதலில் சொல்லியிருந்தால் எந்தக் கணக்கும் தேவையில்லை.

இதே குழப்பம் பெரிய அளவில் நடந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து லாட்டரியில் 1985–86-ல் ஒரே பெண்ணுக்கு நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை பெரும் பரிசு விழுந்தது. 17 லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு என்று பத்திரிகைகள் எழுதின. பர்டியூ பல்கலைக்கழகப் புள்ளியியலாளர்கள் ஸ்டீபன் சாமுவேல்ஸும் ஜார்ஜ் மெக்கேபும் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள்: கோடிக்கணக்கானோர் வாரந்தோறும் சீட்டு வாங்கும் ஒரு நாட்டில், யாராவது ஒருவருக்கு இப்படி இரண்டு முறை விழ வாய்ப்பு என்ன? ஏழு ஆண்டுகளில் பாதிக்கும் மேல். நான்கு மாதத்திலேயே 30-ல் ஒன்றுக்கும் மேல். அந்தப் பெண்ணுக்கு அது நம்ப முடியாத அதிசயம். நாட்டுக்கு அது நடந்தே தீரும் நிகழ்ச்சி. உங்கள் கைபேசியில் வந்த ஏழு செய்திகளும் அப்படித்தான், ஐயா. உங்களுக்கு 128-ல் ஒன்று. அனுப்பியவருக்கு, யாரோ நூறு பேருக்குப் பலித்தே தீரும்.

அவர் சொல்லும் ஆப்ஷன் வர்த்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற எதிர்கால விலை ஒப்பந்தங்களில் வர்த்தகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததாகச் சொல்கிறது. ஒருவருக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். இது ஏமாற்றுக்காரர்களிடம் போன பணம் அல்ல. முறையான தரகர்கள் வழியாக, முறையான கணக்கில் வர்த்தகம் செய்து இழந்தது. மாதம் 8 சதவீதம் என்கிறாரே, அதைக் கூட்டிக்கொண்டே போனால் ஆண்டு முடிவில் 5 லட்சம் 12 லட்சத்து 59 ஆயிரம் ஆக வேண்டும். அப்படிச் செய்யத் தெரிந்தவருக்கு உங்கள் பணிக்கொடை எதற்கு?

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. அவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்குபவர் முதலீட்டு ஆலோசகராகவோ ஆய்வாளராகவோ பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் செபியின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. எண்ணைச் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள், வேறொருவருடைய எண்ணைச் சொல்வதும் நடக்கிறது. பட்டியலில் உள்ள முகவரியையும் தொலைபேசியையும் வைத்து நீங்களாகத் தொடர்புகொண்டு சரிபாருங்கள். பதிவு பெற்றவராகவே இருந்தாலும் இவ்வளவு லாபம் நிச்சயம் என்று உறுதி கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை. மாதம் 8 சதவீதம் என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியமே போதும், விலகுவதற்கு.

அவர் ஏதாவது செயலியை அனுப்பிக் கைபேசியில் ஏற்றச் சொன்னால் ஏற்றாதீர்கள். அதில் உங்கள் பணம் நாள்தோறும் வளர்வது போல எண்கள் ஓடும். முதலில் ஐந்தாயிரம் பத்தாயிரம் எடுக்கவும் விடுவார்கள். பெரிய தொகையை எடுக்கப் போகும்போது ‘வரி கட்டுங்கள்’ என்று மேலும் பணம் கேட்பார்கள். தமிழ்நாட்டில் பலர் இப்படித்தான் இழந்திருக்கிறார்கள். அவர்களில் மருத்துவர்களும் பொறியாளர்களும் உண்டு.

நீங்கள் கட்டிய 3,000 ரூபாய் சிறு தொகைதான். ஆனாலும் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை இன்றே அழையுங்கள். பணம் போன கணக்கின் விவரம், பரிவர்த்தனை எண், ஏழு வாரச் செய்திகள் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகே அவரது எண்ணைத் தடுங்கள். உங்கள் நண்பரையும் கூட அழைத்துக்கொண்டால் புகார் இன்னும் வலுப்பெறும்: ஒரே வாரத்தில் இருவருக்கு இரண்டு விதமாக அனுப்பினார் என்பதற்கு இரண்டு கைபேசிகளும் சாட்சி. உங்கள் 3,000 திரும்பி வருகிறதோ இல்லையோ, புகார் மூலம் அந்தக் கணக்கு முடக்கப்பட்டால், உங்களைப் போலவே ஏழு செய்திகளையும் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களில் சிலருடைய சேமிப்பாவது தப்பும்.